தேய்க்கக் கூடாத பள்ளம்

அத்தியாயம் பதினொன்று

நாற்பத்தேழு வயதில் ஐஸ் மேல் சறுக்கக் கற்றுக்கொள்ள இறங்கிய பஸ்காரம்மாவுக்கு இன்று டெஸ்ட். பதினொன்றே காலுக்கு அவள் முறை. ஆனால் விடிந்ததிலிருந்து வீட்டில் நிலைகொள்ளாமல் அலைந்தது அவள் இல்லை, அவள் கணவர்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். போன வார அத்தியாயத்தில் நாம் அவரை விட்டு வந்தபோது, டெஸ்டுக்கு முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பட்டறை அறையின் கதவைச் சாத்திக்கொண்டு, மனைவியின் ஸ்கேட்டிங் ஷூக்களைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ப்ளேடு மொட்டையாயிடுச்சுங்க, டெஸ்டுக்கு முன்னாடி சாணை பிடிக்கக் கொடுக்கணும், நேரமே கிடைக்கல" என்று அவள் போகிற போக்கில் சொல்லியிருந்தாள். அவருக்கு அது போதும். இருபத்தாறு வருஷ மெக்கானிக் வீட்டில் இருக்கும்போது கடை எதற்கு?

ப்ளேடைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார். அடிப்பக்கத்தில், நட்ட நடுவில், நீளவாக்கில் மெல்லிய ஒரு பள்ளம் ஓடியது.

'பாவம், எவ்வளவு தேய்ஞ்சிருக்கு' என்று மனசுக்குள் உச்சுக்கொட்டினார்.

அவர் அப்படி நினைத்ததில் ஒரு நியாயம் உண்டு. லிஃப்ட் ஏறி இறங்குவது இரண்டு இரும்புத் தண்டவாளங்களைப் பிடித்துக்கொண்டு. அந்தத் தண்டவாளத்தின் முகம் கண்ணாடி மாதிரி தட்டையாக இருக்க வேண்டும். அதில் ஒரு பள்ளம் விழுந்தால் அது தேய்மானம், தேய்மானம் என்றால் ஆபத்து. பள்ளத்தைப் பார்த்தால் தேய்த்துச் சமமாக்கு என்பது அவர் கைக்கே தெரியும், மூளையிடம் கேட்காது. ஒரு மணி நேரம் பொறுமையாகத் தேய்த்தார். இரும்பு அளவுகோலை மேலே வைத்துப் பார்த்தார். ஒரு கீற்று வெளிச்சம் கூட நுழையவில்லை. இரண்டையும் துணியால் துடைத்து, ரப்பர் உறையை மாட்டி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார். டெஸ்ட் முடிந்து அவள் இறங்கி வந்ததும் சொல்லி அசத்தலாம் என்பது திட்டம்.

காலையில் சமையலறையில் அந்தத் திட்டம்தான் அவரை ஆட்டி வைத்தது.

"யாருக்கு டெஸ்ட்டு? எனக்கா, உங்களுக்கா?" என்றாள் மனைவி.

"எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்."

"அப்ப ஏன் வெண்ணெயை டீயில போடறீங்க?"

அவர் கரண்டியை வெளியே எடுத்தார்.

மகள் ஆஸ்பத்திரிச் சீருடையில் வந்து நின்றாள். எக்ஸ்ரே எடுக்கும் வேலை அவளுக்கு. மூன்று மாதம் முன்பு அம்மா ஐஸில் விழுந்து இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டபோது படம் எடுத்ததும் அவள்தான். அன்றைக்கே, "போதும்மா, விட்டுடு" என்று ஒற்றைக்காலில் நின்றாள். கடைசியில் இரண்டு பேருக்கும் நடுவே ஒரு ஒப்பந்தம் ஆயிற்று. வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கிற இந்த டெஸ்ட்டை மட்டும் அம்மா கொடுப்பாள். தேறினால், அதற்கப்புறம் மகள் வாயைத் திறக்கக் கூடாது. தேறாவிட்டால், அம்மா ஐஸ் பக்கமே போகக் கூடாது.

"ஒப்பந்தம் ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு. தேறலைன்னா ஷூ பரணுக்கு."

"கையில பட்டை?"

"போட்டிருக்கேன், பாரு."

"இன்னும் ஆறு வாரம் ஜாக்கிரதையா இருக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"ஏண்டி, உன் டாக்டருக்கு நீதான் வக்கீலா? விடிஞ்சா அடைஞ்சா அதே பாட்டு."

மகள் தோள்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். வழக்கமாகக் கதவைச் சாத்தும்போது "போயிட்டு வரேன்" என்பாள். இன்று அதுவும் இல்லை.

ஐஸ் அரங்குக்குள் நுழைந்ததும் லிஃப்ட்காரருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அந்த இடத்தை அவருக்கு ரொம்பப் பிடிக்கும். அவ்வளவு பெரிய வெள்ளைத் தளத்தில் ஐஸின் கனம் மூன்று விரற்கடைதான். அதற்கடியில் குளிர்ந்த உப்புநீர் ஓடும் குழாய்கள் பாய் பின்னியது மாதிரி படுத்திருக்கின்றன. ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் ஒரு வண்டி ஊர்ந்து வந்து கீறல் விழுந்த மேல்தோலைச் சீவிவிட்டு வெந்நீரைப் பரப்பும். ஐஸுக்கு மேல் வெந்நீரா என்று முதல் நாள் அவர் வாயைப் பிளந்தார். வெந்நீர் பழைய ஐஸை லேசாக இளக்கி, கீறலுக்குள் இறங்கி, அதோடு ஒட்டிக்கொண்டு உறையுமாம். பச்சைத் தண்ணீர் மேலே தனித் தகடாக நின்றுவிடுமாம். இதைக் கேட்டு வந்து அன்று வீட்டில் மூன்று தடவை சொன்னார்.

மனைவி பெஞ்சில் உட்கார்ந்து ஷூ நாடாவை இழுத்துக் கட்டினாள். கணுக்காலில் இறுக்கம், விரலருகே தளர்வு. பஸ்ஸில் ஏறியதும் கண்ணாடிகளைச் சரிசெய்கிற அதே நிதானம். எட்டு மாதம் முன்பு இவள் சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு சுற்று வர இருபது நிமிஷம் எடுத்தாள். அவளுக்கு இருந்த பெரிய தொல்லை அவள் டிரைவர் தொழில்தான். பஸ் வளைவில் திரும்பினால் உடம்பு வெளிப்பக்கம் தள்ளும், ஓட்டுகிறவர் நிமிர்ந்து உட்கார்ந்து சமாளிப்பார். ஐஸில் வளைவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே சாய்ந்தாக வேண்டும், சைக்கிளில் சாய்வது மாதிரி. இருபது வருஷப் பழக்கத்தை உடம்பிலிருந்து பிடுங்கிப் போட அவளுக்கு நாலு மாதம் ஆயிற்று. ஆனால் பிடுங்கிப் போட்டுவிட்டாள். அதை நினைத்தால் அவருக்கு இன்றைக்கும் மார்பு விம்மும்.

"நீங்க போய் எங்கயாவது நில்லுங்க. பக்கத்துல நின்னு மூச்சு விடாதீங்க" என்றாள்.

அவர் நகர்ந்து போய் நின்ற இடம் சாணை பிடிக்கும் ஜன்னல். அதுதான் விதி, அல்லது நல்ல காலம்.

உள்ளே சாணைக்காரம்மா, நெற்றியில் ஏற்றி வைத்த பூதக்கண்ணாடியோடு, உயரமான ஒரு பெண்ணுக்கு ப்ளேடைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

"இது காய் நறுக்கற கத்தி இல்லம்மா, ஒரே முனையா இருக்கறதுக்கு. நடுவுல பள்ளம் தெரியுதா? இந்தப் பள்ளம் இருந்தாத்தான் ரெண்டு பக்கமும் ஓரம் கிடைக்கும். உள்ளோரம் ஒண்ணு, வெளியோரம் ஒண்ணு. நீங்க சறுக்கறது, திரும்பறது, நிக்கறது எல்லாமே ஏதோ ஒரு ஓரத்துலதான்."

"பள்ளம் போயிட்டா?"

"போயிட்டா என்ன, சோப்புக்கட்டி மேல நின்ன மாதிரிதான். நேரா போகும். சாய்ஞ்சா அப்படியே பக்கவாட்டுல வாரி விட்டுடும்."

கயிறு அறுந்தாலும் லிஃப்ட் கீழே விழாது, பக்கத்துத் தண்டவாளத்தைப் பிடிப்பான்கள் கவ்விக்கொள்ளும் என்று ஆயிரம் பேருக்கு அவர் விளக்கியிருக்கிறார். இப்போது ஐஸில் மனைவியைக் கவ்விப் பிடிக்க அப்படி ஒரு பிடிப்பானும் இல்லை.

திரும்பிப் பார்த்தார். மனைவி ரப்பர் உறைகளைக் கழற்றிவிட்டாள். தடுப்புக் கதவு திறந்திருந்தது. ஒரு கால் தூக்கியாயிற்று.

"இறங்காதே!"

அரங்கு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தூக்கிய காலோடு அவளும் பார்த்தாள்.

"என்னங்க? எங்கயாவது தீப்பிடிச்சுடுச்சா?"

அவர் ஓடி வந்தார். "ப்ளேடைத் தேய்ச்சுட்டேன்."

"எந்த ப்ளேடை?"

"இதைத்தான். நேத்து. நடுவுல பள்ளம் இருந்துச்சு, தேய்மானம்னு நினைச்சு..." மென்று விழுங்கினார். "தட்டையாக்கிட்டேன்."

அவள் பெஞ்சில் உட்கார்ந்து, காலைத் தூக்கி மடிமேல் போட்டு, கட்டை விரலைக் குறுக்கே ஓட்டிப் பார்த்தாள். அடுத்த காலையும் பார்த்தாள்.

"வழவழன்னு இருக்கு."

"அளவுகோல் வச்சுப் பார்த்தேன்" என்று அவர் வாயிலிருந்து தானாக வந்தது.

"வச்சுப் பார்த்தீங்களா? ரொம்ப நல்லது. இதைக் கொண்டுபோய்ச் சுவருக்குப் பூச்சு பூசலாம்."

 நடுவழியில் பஸ் நின்றால் முதலில் பயணிகளை இறக்கு, யார்மேல் தப்பு என்பதை டிப்போவுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்பது அவள் தொழிலின் பாடம். கோச்சைக் கூப்பிட்டாள். கோச்சுக்கு இருபத்தெட்டு வயதுதான் இருக்கும், அவளை "பஸ் அக்கா" என்றுதான் கூப்பிடுவாள். விஷயத்தைக் கேட்டதும் நடுவரிடம் ஓடினாள். ஓடிய வேகத்திலேயே திரும்பினாள்.

"கடைசி ஆளா பதினொன்னு அம்பதுக்கு எடுத்துக்கறேன்னு சொல்றாங்க. பன்னெண்டு மணிக்கு எல்லாருக்கும் கதவைத் திறந்துடுவாங்க. அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாதாம்."

சாணைக்காரம்மா ப்ளேடை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"யார் பண்ணது?"

"நான்தான்."

"என்ன வேலை பாக்கறீங்க?"

"லிஃப்ட் மெக்கானிக்."

"தெரியுது. இவ்வளவு நேர்த்தியா இதுவரைக்கும் யாரும் கெடுத்ததில்ல." பூதக்கண்ணாடியைக் கீழே இறக்கினார். "ப்ளேடு முன்நுனியில இருக்கற பல்லைத் தொட்டீங்களா?"

"அது தடுக்கி விடும் போலிருக்கேன்னு அதையும் தேய்க்கப் பார்த்தேன். கல்லு சூடாயிடுச்சு, விட்டுட்டேன்."

"அந்தக் கல்லுக்கு நன்றி சொல்லுங்க. பள்ளத்தை நான் மறுபடி கொண்டு வந்துடுவேன். பல்லு முளைக்க வைக்க என்னால ஆகாது."

பிறகு அவர் செய்த வேலையைப் பார்த்து லிஃப்ட்காரர் ஒரு நிமிஷம் தன் குற்றத்தையே மறந்துபோனார். சுழலும் கல்லின் விளிம்பை முதலில் ஒரு வைர முனையால் லேசாக உருண்டையாக்கினார். உருண்ட விளிம்பு ப்ளேடின் நீளத்துக்கு ஓடினால் அதே உருண்டை பள்ளமாக இறங்கும், அவ்வளவுதான் ரகசியம். ஆனால் ப்ளேடு நீளவாக்கிலும் நேர்கோடு இல்லை. தொட்டிலின் அடிக்கட்டை மாதிரி மெல்ல வளைந்தது. அந்த வளைவு கெடாமல் குதிகாலிலிருந்து விரல் வரை ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். பொறி பறந்தது. ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் ஒரு சின்ன இரும்புப் பட்டையை ப்ளேடின் குறுக்கே வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"ரெண்டு ஓரமும் ஒரே உயரத்துல இருக்கான்னு பாக்கறீங்க" என்றார் லிஃப்ட்காரர் மெதுவாக.

"அட, புரியுதே உங்களுக்கு."

"நான் ஒரு தடவை பிடிச்சுப் பாக்கட்டுமா?"

"உங்க கை கொஞ்ச நேரம் பாக்கெட்லயே இருக்கட்டும்."

பதினொன்று நாற்பத்தைந்துக்கு ஷூக்கள் திரும்பி வந்தன. "ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோங்க" என்றார் சாணைக்காரம்மா. "டெஸ்ட் அன்னைக்கு யாரும் சாணை பிடிக்க மாட்டாங்க. புது ஓரம் ஐஸைக் கவ்வும். பழக ரெண்டு நாள் ஆகும்."

"எனக்கு அஞ்சு நிமிஷம் இருக்கு" என்றாள் பஸ்காரம்மா. "புதுசா பிரேக் மாத்தின பஸ் மாதிரிதானே? மெதுவா மிதிச்சுப் பழகிக்கறேன்."

மெதுவாகத்தான் மிதித்தாள். முதல் சுற்றில் இரண்டு தடவை உடம்பு முன்னால் எகிறியது. மூன்றாவது வளைவில் முழங்காலை இன்னும் கொஞ்சம் மடித்தாள். ப்ளேடு கவ்வுவதை நிறுத்திவிட்டுப் பேச ஆரம்பித்தது. சரக் சரக் என்ற சத்தம் உஸ்ஸென்று நீண்டது.

நடுவர் கையை உயர்த்தினார். டெஸ்ட் தொடங்கிவிட்டது.

நேராகத் தள்ளிப் போவது ஆயிற்று. ஒற்றைக்காலில் நழுவுவது ஆயிற்று. ப்ளேடைக் குறுக்கே வைத்து நிற்பதும் ஆயிற்று, மாவு மாதிரி ஐஸ்தூள் பறந்தது. மீதி இருந்தது 'மூன்று திருப்பம்' என்கிற வித்தை. அதைக் காலுக்கு ஒன்றாக, இரண்டு காலிலும் போட்டுக் காட்ட வேண்டும். ஒற்றைக்காலில் முன்னோக்கிப் போய்க்கொண்டே, கால் மாற்றாமல், பின்னோக்கித் திரும்புவது அது. அப்படித் திரும்பினால் ஐஸில் விழும் கோடு '3' என்ற எண் மாதிரி இருக்கும், அதனால் அந்தப் பெயர். தோள் முதலில் திரும்ப வேண்டும், இடுப்பு பின்னால் வர வேண்டும். திரும்பி முடிந்ததும் இரண்டு கையையும் விரித்துத் தோளைச் சட்டென்று பிடித்து நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் உடம்பு பம்பரமாகச் சுற்றிக்கொண்டே போகும்.

வலது காலில் போட்டாள். அழகாக வந்தது. லிஃப்ட்காரர் தடுப்பைக் குத்தினார், கை வலித்தது.

யாரோ மூச்சிரைக்கப் பக்கத்தில் வந்து நின்றார்கள். மகள். சீருடையோடு.

"நீ எங்க இங்க?"

"சாப்பாட்டு நேரத்தை முன்னாடியே கேட்டு வாங்கிட்டு வந்தேன். முடிஞ்சிருச்சாப்பா?"

"இடது கால் மட்டும் பாக்கி."

பஸ்காரம்மா இடது காலில் போனாள். தோள் திரும்பியது, இடுப்பு திரும்பியது, ஆனால் இடது கை மட்டும் விரியவில்லை. பட்டை போட்ட அந்தக் கையைக் குழந்தையை அணைப்பது மாதிரி மார்போடு ஒட்டி வைத்திருந்தாள். உடம்பு நிற்காமல் சுற்றியது. அடுத்த கால் பொத்தென்று ஐஸில் ஊன்றியது.

நடுவர் எழுதுவதை நிறுத்தினார். "ஏதாவது ஒண்ணை ஒரே ஒரு தடவை மறுபடி செஞ்சு காட்டலாம். ரெண்டு நிமிஷம் எடுத்துக்கோங்க."

தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து கோச் சொன்னாள். "அக்கா, இடது கையை விரிங்க. அது விரியாம தோள் நிக்காது."

"தெரியுதும்மா. விரிச்சா, விழறப்ப அதுதானே முதல்ல ஊனும்? எலும்பு இன்னும் கூடல. மறுபடி உடைஞ்சா ஸ்டீயரிங் யார் பிடிப்பா?"

மகள் இதைக் கேட்டாள். லிஃப்ட்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். ரத்தம் வடிந்த மாதிரி வெளுத்திருந்தது.

"அப்பா."

"என்னம்மா?"

"ஆறு வாரம்னு டாக்டர் சொல்லல." தோள்பையை முன்னால் இழுத்துக்கொண்டாள். "மூணு வாரத்துக்கு முன்னாடியே எலும்பு கூடிடுச்சு. நான்தான் படம் எடுத்தேன். டாக்டர் பார்த்துட்டு, இனி பட்டையே வேண்டாம்னு எங்கிட்டதான் சொன்னாரு. அந்தப் படம் என் பையில இருக்கு."

திட்டத் திறந்த வாயை அவர் மூடிக்கொண்டார். பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு தேய்த்த மனுஷன் எந்த முகத்தோடு யாரைத் திட்டுவது? ஆனால் ஒரு விஷயம் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. மகள் இன்னும் இரண்டு நிமிஷம் சும்மா நின்றால் போதும், அவள் கேட்டது நடந்துவிடும். ஷூ பரணுக்குப் போய்விடும், வாழ்நாளுக்கும் யாருக்கும் எதுவும் தெரியாது.

அது மகளுக்கும் தெரிந்திருந்தது. பைக்குள் கையை விட்டுத் துழாவினாள். துழாவிக்கொண்டே கத்தினாள்.

"அம்மா! கை கூடிடுச்சு! நான் பொய் சொல்லிட்டேன்!"

பஸ்காரம்மா தடுப்போரம் நழுவி வந்து நின்றாள். மகள் நீட்டிய கறுப்புப் படத்தை வாங்கி மேலே தூக்கி, கூரை விளக்குக்கு நேரே பிடித்தாள். முதல் படத்தை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள்.

"இங்க ஒரு கோடு இருந்துச்சே?"

"அது இப்ப இல்லம்மா. அதைத்தான் சொல்றேன்."

இரண்டு நொடி மகளைப் பார்த்தாள். பிறகு மணிக்கட்டுப் பட்டையை உரித்தாள், சர்ரென்று சத்தம் வந்தது. "பிடி" என்று மகள் கையில் திணித்தாள். போய்விட்டாள்.

இந்தத் தடவை வேகம் அதிகம். இடது காலின் வெளியோரத்தில் சாய்ந்து ஒரு பெரிய வளைவை வரைந்துகொண்டே வந்தாள். தோள் திரும்பியது. முழங்கால் நிமிர்ந்து மடிந்தது. அரைக்கண நேரம் அவள் எந்தத் திசையிலும் போகாமல் நின்றது போலிருந்தது. அடுத்து இரண்டு கையும் விரிந்தன, மூன்று மாதம் சுருட்டி வைத்திருந்த இடது கை விரல்நுனி வரை நீண்டது, தோள் பூட்டுப் போட்ட மாதிரி நின்றது. அவள் பின்னோக்கி, ஒற்றைக்காலில், அமைதியாக விலகிப் போய்க்கொண்டிருந்தாள்.

இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ இயந்திரங்களைப் பிரித்து மாட்டியிருக்கிறார் லிஃப்ட்காரர். இவ்வளவு சரியாக ஓடிய ஒன்றைப் பார்த்ததில்லை.

நடுவர் ஐஸில் இறங்கி நடந்து வந்தார். குனிந்து கோட்டைப் பார்த்தார். சுத்தமான '3', நடுக்கூர் கூட மழுங்கவில்லை. நிமிர்ந்து, "தேறிட்டீங்க" என்றார்.

கோச் துள்ளிக் குதித்தாள். பஸ்காரம்மா குதிக்கவில்லை. அந்தக் கோட்டைத் தானும் ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அப்பாவும் மகளும் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் மாதிரி எதிரே நின்றார்கள்.

"ஒருத்தர் ப்ளேடைத் தேய்ச்சார். ஒருத்தி கூடின எலும்பைக் கூடலைன்னா. இன்னும் யாராவது பாக்கி இருந்தா இப்பவே சொல்லிடுங்க, இதே சூட்டுல முடிச்சுக்கலாம்." குனிந்து நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

"ஏன் பொய் சொன்னேன்னு கேக்க மாட்டியாம்மா?"

"கேப்பேன். வீட்டுக்கு வா, கேக்கறேன்."

"இப்பவே கேளும்மா."

நாடாவிலிருந்து கை நின்றது. "சரி, சொல்லு."

"எனக்கு வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு. பெரிய ஆஸ்பத்திரி. அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி சேரணும்." மகள் அந்தப் பட்டையைக் கையில் கசக்கிக்கொண்டிருந்தாள். "நான் போன அப்புறம் நீ விழுந்தா? உனக்கு யாரு படம் எடுப்பா? அதான், கிளம்பறதுக்கு முன்னாடி உன்னை ஐஸை விட்டு இறக்கிடணும்னு... வரேனா வரலையான்னு இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள நான் அவங்களுக்குப் பதில் சொல்லணும்மா."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் லிஃப்ட்காரர்.

"சொல்லத்தான் நேத்து வந்தேன். நீங்க பட்டறையைச் சாத்திக்கிட்டு உள்ள இருந்தீங்க."

மணி பன்னிரண்டு அடித்தது. கதவு திறந்து கூட்டம் திமுதிமுவென்று ஐஸில் இறங்கியது. பஸ்காரம்மா அவிழ்த்த நாடாவை மறுபடி இழுத்துக் கட்டினாள்.

"என்னங்க, இவளை எங்கயும் போக விடாம இங்கயே நிறுத்தி வைங்க. ஒரு சுத்து போயிட்டு வந்து சொல்றேன்."

கூட்டத்துக்குள் நுழைந்தாள். விழுந்து எழுகிறவர்களையும் சுவரைப் பிடித்து நகர்கிறவர்களையும் சுற்றி விலகி, இரண்டு கையையும் விரித்துப் போனாள். எதிர்ப்பக்கத்து வளைவில் உள்பக்கமாகச் சாய்ந்தாள். இங்கிருந்து முகம் தெரியவில்லை. அப்பாவும் மகளும் தடுப்பைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றார்கள். அவள் திரும்பி வர இன்னும் பாதிச் சுற்று இருந்தது.